போரியின் பெயர் விட்டுப்போன பூஜை

முன்கியோங் மலையடிவாரத்தில் சரித்திர நாடகம் எடுக்க வருகிறவர்கள் குதிரைக்குப் பில்யோவிடம்தான் வர வேண்டும். ஐம்பது தாண்டியவள். புருஷனை எப்போதோ அனுப்பிவிட்டாள். கேட்டால், "அந்தாளும் தீனி தின்னான், ஆனா ஒரு நாளும் முதுகு வளையல" என்பாள். லாயத்திலேயே மூத்தது போரி. வெடி வெடித்தாலும் மிரளாது.

இயக்குநர் நாம்குங்குக்கு அந்தப் போரி தலைகுப்புற விழ வேண்டும். தளபதி அம்பு பட்டுச் சாயும் காட்சி. முன்னங்காலில் மெல்லிய கம்பியைக் கட்டி, ஓடும்போது சுண்டி இழுத்தால் போதும் என்றார்.

"கழுத்து ஒடிஞ்சா?" என்றாள் பில்யோ.

"ஒண்ணும் ஆகாதுக்கா. காலையில பூஜை போட்டாச்சுல்ல?"

போட்டார்கள்தான். எந்தப் படப்பிடிப்பும் அதில்தானே தொடங்கும். வேகவைத்த பன்றித்தலையை மேஜையில் வைத்து, அதன் வாயில் நோட்டுகளைச் செருகி, எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். நாம்குங்கே மலைச்சாமிக்கான வேண்டுதலைப் படித்தார். நடிகர், கேமரா, ஜெனரேட்டர் எல்லாம் நலமாக இருக்க வேண்டும் என்று. பிறகு தலையை அரிந்து, அரிசிக் கள்ளோடு தின்று தீர்த்தார்கள்.

"ஜெனரேட்டருக்குக்கூட வேண்டிக்கிட்டீங்க. போரி பேரு வரலையே. இப்படி ஒரு குதிரை இருக்கிறதே மலைச்சாமிக்குத் தெரியாதே" என்றாள் பில்யோ, லைட் குழுத் தலைவர் உஜின் காதில் விழும்படி.

உஜின் கையுறையைக் கழற்றினார். "வேண்டுதல்ல வராததை வச்சு எடுத்தா, லைட்டு எங்காளுங்க தலையிலதான் சார் விழும். மறுபடி போடுங்க."

"சரி, போட்ருவோம். தலையை எடுத்துட்டு வாங்க" என்றார் நாம்குங்.

தலை ஏது? அதன் கடைசிக் காதைத் தின்றவரே இயக்குநர்தான்.

மறுநாள் புதுத் தலை வந்தது. "உங்க குதிரைக்கு நீங்களே ரெண்டு வரி எழுதிக் குடுங்கக்கா" என்று நாம்குங் பெருந்தன்மை காட்டினார். எழுதிக் கொடுத்ததை முன்கூட்டிப் பார்க்காமல் உரக்கப் படித்தார். "எங்கள் போரியின் நான்கு கால்களும் நலமாக இருக்கட்டும். அதன் காலை இடறி விடுகிறவனின் காலும்..."

குரல் நின்றது. வேண்டுதலைப் பாதியில் விட்டால் படமே படுத்துவிடும். உஜின் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"...அதேபோல் இடறி முறியட்டும்" என்று முடித்துவிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார் நாம்குங்.

கம்பி வந்தது. இழுக்கத்தான் ஆள் இல்லை. சண்டைப் பயிற்சிக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. உதவி இயக்குநருக்கு வயிறு சரியில்லை.

"நீங்களே இழுங்க சார். முதல்ல கும்பிட்ட கை, ராசியான கை" என்றாள் பில்யோ.

நாம்குங் கம்பியைப் பார்த்தார். தன் முழங்காலையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"யோசிச்சுப் பார்த்தா, இந்தத் தளபதி ரொம்ப ரோஷக்காரன்" என்றார் கடைசியில். "குதிரையை அனுப்பிட்டு, நடந்து போய் அம்பு வாங்குவான்."

"அடேயப்பா" என்றாள் பில்யோ, போரியைப் பிடித்துக்கொண்டு லாயத்தின் பக்கம் திரும்பியபடி. "இதெல்லாம் படிச்சவங்களுக்குத்தான் சார் தோணும்."