காட் இல்லையெண்டு சொல்லுற வேலை

யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் கடனட்டைப் பகுதியில், சனம் 'காட்' என்று கேட்டு வரும் இடத்தில், இருக்கிறேன். அட்டை கொடுப்பதுதான் என் வேலை என்று போர்டில் எழுதியிருந்தாலும், நாள் முழுக்க நான் செய்வது 'இல்லை' என்பதை மரியாதையாகச் சொல்வது. எப்போதோ தவறிய தவணை கடன் அறிக்கையில் அப்படியே கிடக்கும். அதைக் கணினியில் பார்த்துவிட்டு ஆளின் முகத்தையும் பார்க்க வேண்டியவள் நான். நீங்களும் ஒரு வங்கிக் கதிரையில் இருந்து இந்த 'இல்லை'யைக் கேட்டு வியர்த்தவர் என்றால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள்.

பிணை நின்ற ஐயா

உரும்பிராயிலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற தபால் அதிபர். கனடாவில் இருக்கும் மகளிடம் போக விமான டிக்கெட்டை ஒன்லைனில் எடுக்க வேண்டுமாம். "நான் ஒருத்தரிட்டையும் ஒரு சதம் கடன் வாங்கினதில்லை, பிள்ளை" என்றார். அறிக்கையை எடுத்தேன். சொன்னது உண்மைதான். ஆனால் ஒருவர் கடனில் வாங்கிய உழவு இயந்திரத்துக்குப் பிணை நின்றிருக்கிறார். வாங்கியவர் எட்டு மாதமாகத் தவணை கட்டவில்லை.

வாங்கியவரின் பெயரைச் சொன்னதும் ஐயா எழும்பிக் கண்ணாடிக் கதவால் வெளியே பார்த்தார். வாசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு ஐஸ்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உவன்தான் பிள்ளை. தனக்கும் ஒரு காட் எடுத்துத் தரச்சொல்லி, உவன்தான் என்னை ஏத்திக்கொண்டு வந்தவன்."

மச்சானின் மோட்டர்

விண்ணப்பத்தில் உறவினர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் கேட்போம். கோப்பாயிலிருந்து வந்த, வீடுகளுக்கு வர்ணம் பூசும் பெயின்ரர் ஒருவர் மனைவியின் அண்ணனுடைய இலக்கத்தைக் கொடுத்தார். அழைத்தேன். "ஓம், தெரியும். என்ரை தண்ணி மோட்டரைக் கொண்டுபோய் ஒரு வருசம். முதல் அதைத் தந்திட்டுக் காட் எடுக்கச் சொல்லுங்கோ" என்றார் மச்சான்.

தயங்கித் தயங்கி இதைப் பெயின்ரரிடம் சொன்னேன். அடுத்த நாள் காலை அவர் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் தொப்பென்று வைத்தார். உள்ளே சேற்றோடு மோட்டர். அடியில் இருந்த நாலு பேரின் படிவங்களில் எண்ணெய்.

"மச்சானோடை நான் கதைக்கிறேல்லை, மிஸ். நீங்களே குடுத்து ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கோ."

தொண்டைமானாற்று அம்மா

கருவாடு விற்பவர். கணவன் இவர் பெயரில் படகு எஞ்சினை லீசிங்கில் எடுத்து, அதை விற்றுவிட்டு வெளிநாடு போனவன். கட்டாத தவணை இவர் பெயரில் நிற்கிறது. மகள் தாதியர் வேலைக்கு எழுத வேண்டிய ஆங்கிலப் பரீட்சைக்குப் பணம் அட்டையால்தான் கட்டலாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். மூன்று வங்கிகள் ஏற்கனவே மறுத்திருந்தன.

"இனி ஒரு இடமும் போகாதேங்கோ அம்மா. கேட்டுக் கேட்டு இல்லையெண்டு வாங்கிறதும் அறிக்கையிலை விழும்" என்று சொல்லி, கையில் இருக்கும் காசை நிலையான வைப்பில் போட்டு அதன் பேரில் அட்டை எடுக்கும் வழியைக் காட்டினேன். சீட்டுக் காசைக் கொண்டுவந்து வைப்பிலிட்டார். முகாமையாளர் தலைமையகத்துக்கு இரண்டு தரம் போன் எடுத்துக் கதைத்தார். வியாழன் பின்னேரம் அட்டை வந்தது. என் மேசையிலேயே, அவருடைய போனிலேயே பரீட்சைக் காசைக் கட்டினோம். 'கட்டப்பட்டது' என்று வந்ததும் நான்தான் கண்ணைத் துடைத்தேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, என்ரை காசை நானே கடனா வாங்கவோ இத்தினை இடத்திலை கையெழுத்து வைச்சனான்?"

என் முறை

போன வருடம் நானும் ஓர் அட்டைக்கு விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள். கொழும்பில் படித்த காலத்தில் எடுத்து மறந்துபோன ஓர் அட்டையின் வருடக் கட்டணம் என் பெயரில் வளர்ந்து கிடந்ததாம். நான் வாடிக்கையாளருக்குச் சொல்லும் அதே வசனத்தை, அதே மெல்லிய குரலில், முகாமையாளர் எனக்குச் சொன்னார். எங்கள் வங்கியில் பிளேன்ரீ ஊற்றும் யோகம் அக்கா தேத்தண்ணியோடு வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"இனி உந்தக் கதிரைக்கு வாற சனத்துக்கும் ஒரு பிளேன்ரீ குடுப்பம், தங்கச்சி."

இத்தனை வருடத்தில் நான் கண்டது, அட்டை கிடைக்கவில்லை என்று என்னோடு கோபித்தவர்களைவிட, கிடைத்து, அதால் கடன் ஏறிய பிறகு 'ஏன் தந்தனீங்கள்' என்று வந்து கோபித்தவர்கள்தான் அதிகம்.