ஒரு மூக்குப்பேணி கஞ்சி

என் நெஞ்சுக்குள் செயற்கை வால்வு பூட்டியிருக்கிறார்கள் என்று நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் உங்களுக்கே கேட்கும். தொண்ணூறாம் ஆண்டு கொழும்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து நீர்வேலிக்குத் திரும்பி வந்த கொஞ்ச நாளில் சண்டை தொடங்கியது. பாதை பூட்டுப்பட்டது. கரண்டும் போனது. ஃபானும் இல்லை, ரேடியோவும் இல்லை, வீடு அப்படியொரு அமைதி. அந்த அமைதியில் என் வால்வு மட்டும் டிக், டிக் என்று கச்சேரி வைத்தது.

"உங்களிட்டை உள்ள ஒரே நன்மை இதுதான்" என்றாள் என் மனைவி. "ஒளிச்சு மறைச்சு ஒண்டும் செய்யேலாது. எங்கை நிண்டாலும் பிடிச்சிடுவன்."

அவளுக்குத் தெரியாமல் ஒன்று நடந்துகொண்டுதான் இருந்தது. எனக்கே தெரியாமல் நடந்தது என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் ஆசையாக வந்து என் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார்கள். என் அக்கா மட்டும் கேட்கவில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், அம்மா செத்த பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள். கலியாணம் கட்டவில்லை. எங்கள் ஒழுங்கை போய் முடிகிற இடத்தில் தனியாக இருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தால் இரண்டு முழம் தள்ளி இருந்துகொள்வாள். "எனக்கு அதைக் கேக்க ஏலாதடா தம்பி. கேட்டால், நிண்டு போச்செண்டால் என்ன செய்யிறதெண்டு நினைவு வரும்" என்பாள். பாசத்தைக் கூட இரண்டு முழம் தள்ளி நின்று காட்டுகிற பிறவி.

நெஞ்செலும்பு பொருந்தும் வரை தேங்காய் கூடத் தூக்கக்கூடாது என்று கொழும்பில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வளவில் வாழைக்குலை பழுத்து வௌவால் தின்றது. நான் பார்த்துக்கொண்டு நின்று வௌவாலைத் திட்டினேன். அது பெரிய காரியமில்லை. பெரிய காரியம் குளிசை, அதுதான் மாத்திரை. வால்வில் இரத்தம் உறைந்து ஒட்டாமல் இருக்கத் தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு நீலக் குளிசை போட வேண்டும். இரத்தம் தடித்தால் வால்வு இறுகிவிடும். ஆள் சரி. நீர்த்துப் போனால் ஒரு சின்ன வெட்டுக்காயமே போதும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை. அதில் நிற்கிறேனா என்று பார்க்க மாதம் ஒரு முறை இரத்தம் சோதிக்க வேண்டும்.

பச்சை இலை வகை இரத்தத்தைத் தடிக்க வைக்கும் என்று சொன்னதும் என் மனைவி கீரைக்கு வீட்டில் தடை போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சோற்றில் கூடப் பூசணியும் கத்தரியும்தான். முருங்கையிலை வறை என்று கனவு கண்டாலும் எழுப்பிப் பேசுவாள்.

அப்படியிருந்தும் என் இரத்தம் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் மனைவியும் மண்ணெண்ணெயில் ஓடுகிற மினிபஸ்ஸில் புகை குடித்துக்கொண்டு யாழ்ப்பாணம் போவோம். கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர். ஒரு மாதம் தடித்துவிட்டது என்று குளிசையைக் கூட்டுவார். அடுத்த மாதம் நீர்த்துவிட்டது என்று குறைப்பார். அந்த நாட்களில் பல் தீட்டினால் முரசால், பல்லடிச் சதையால், இரத்தம் கசியும்.

"அண்ணை, குளிசையை ஒழுங்காய்ப் போடுறியளோ?"

எனக்கு வந்ததே கோபம். இருபது வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு சதம் பிசகாமல் கணக்கு எழுதிய கிளார்க் நான். "டொக்டர், ஆறு மணி அடிக்க இவ வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளுக்கை போனதோ எண்டு நாக்கையும் தூக்கிப் பாக்கிறவ. இதுக்கு மேலை என்ன ஒழுங்கு வேணும்?"

டொக்டர் சிரிக்கவில்லை. "அடுத்த முறையும் இப்பிடி ஏறி இறங்கினால் நான் இஞ்சை வைச்சுப் பாக்கேலாது. கொழும்புக்குத்தான் போகவேணும்."

கொழும்புக்குப் போவது என்றால் கடல்நீரேரியை வள்ளத்தில் கடக்க வேண்டும். இருட்டில் கடற்படை சுடும்; போனவர்களில் சிலர் அக்கரை சேரவில்லை. இரத்தம் உறையாத மனிதன் அந்த வள்ளத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

டொக்டர் என் கிளினிக் கொப்பியைத் திரும்பவும் புரட்டினார். "இரத்தம் நீர்த்த கிழமையளிலை என்ன நடந்தது? யோசிச்சுச் சொல்லுங்கோ."

"என்ன நடக்கிறது? ஹெலிகொப்டர் சுத்திச்சுது. பங்கருக்கை கிடந்தம்."

"மற்ற மாதமும்?"

"ஓம், அப்பவும் ஹெலிதான்."

"வெளியிலை போகாட்டில் உங்களுக்கு என்ன நிண்டு போகுது?"

"நடை நிண்டு போகும். காலமையிலை அக்கா வீடு மட்டும் நடக்கிறனான்."

"அங்கை என்ன செய்வியள்?"

"ஒண்டும் இல்லை. கஞ்சி குடிச்சிட்டு வருவன்."

மனைவி மெல்ல என் பக்கம் திரும்பினாள். "என்ன கஞ்சி?"

"இலைக்கஞ்சி."

அறை முழுக்க என் டிக் டிக்தான் கேட்டது.

"அட கோதாரியே!" என்றாள் மனைவி. "இந்த மனிசனுக்கு நான் ஒரு கீரைத்தண்டு காட்டாமல் சமைக்கிறன். அவர் காலமையிலை வல்லாரை, முருங்கை, முசுட்டை, முடக்கொத்தான் எல்லாத்தையும் அரைச்சுக் குடிச்சிட்டு வாறார்!"

"அது கீரை இல்லை, கஞ்சி" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் இலைக்கஞ்சி குடித்துவிட்டு வருகிறவனை மறித்து "சாப்பிட்டியோ" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் இல்லை" என்பான். கஞ்சி சாப்பாட்டில் சேர்த்தியில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற தண்ணீர் அது, அவ்வளவுதான்.

இப்போது டொக்டர் சிரித்தார். மேசையில் தலை வைத்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். கஞ்சியை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் குளிசையின் வேகம் கூடி இரத்தம் நீர்த்துவிடும். ஒவ்வொரு நாளும் ஒரே அளவாகக் குடிக்க வேண்டும். ஹெலி வந்தாலும் சரி, மழை வந்தாலும் சரி, ஒரு நாள் தவறக்கூடாது. குளிசையை அதற்கேற்ப அளந்து தந்துவிட்டார். அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்.

நல்ல செய்திதானே? ஆனால் ஊர் திரும்பி அக்காவிடம் சொன்னபோது, கஞ்சியால் இரத்தம் தடித்தது என்ற முதல் பாதிதான் அவள் காதில் ஏறியது. "என்ரை கையாலை நஞ்சு குடுத்துப்போட்டனே!" என்று குசினி நிலத்தில் குந்தித் தலையில் அடித்தாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு வேலியில் நின்ற முருங்கையை வெட்டப் போனாள். நான் மறித்தேன். "நிப்பாட்டினால்தான் எனக்குச் சாவு!" என்று கத்தினேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "போ, இனி என்ரை வீட்டிலை பச்சைத் தண்ணியும் கேட்டு வராதை."

மனைவியிடம் வந்து, "இனிக் கஞ்சியை நீரே காய்ச்சும்" என்றேன்.

"நான் எப்பிடிக் காய்ச்சிறது? எந்த இலை எவ்வளவு எண்டு அவவின்ரை கைக்குத்தான் தெரியும். அந்தக் கைக்கு அளந்துதானே டொக்டர் குளிசை தந்தவர்."

இரண்டு விடியல் கஞ்சி இல்லை. மூன்றாம் நாள் பல் தீட்டும்போது முரசு கசிந்தது. மனைவி அந்தத் துப்பலைப் பார்த்தாள். தண்ணீர் குடிக்கிற எங்கள் வெள்ளி மூக்குப்பேணியை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். கலியாணமாகி வந்த பதினைந்து வருடத்தில், என்னை யார் கவனிப்பது என்ற போட்டியில் அக்காவிடம் ஒரு சுண்டு உப்புக்கூடக் கேட்டுப் போகாதவள். நான் பின்னாலே போய் வேலியோரம் நின்றேன்.

"மச்சாள்," என்றாள், "நான் சமைக்கிறதை வைச்சு இவரைக் காப்பாத்தலாமெண்டு நினைச்சன். ஏலாது. உங்கடை கஞ்சிதான் வேணும்." பேணியை நீட்டினாள். "இதாலை ஒண்டு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அக்கா பேணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திப்போட்டு, "உவன் சின்னனிலையே கள்ளன்தான், உள்ள இடத்திலையெல்லாம் வாய் வைப்பான்" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

அன்றிலிருந்து தினமும் ஒரு பேணி. இலையைக் கூடக் கைப்பிடியால் எண்ணிப் போட்டாள். சோதனைக்கு நாலு நாள் இருக்கும்போது ஹெலி திரும்பவும் வந்தது. நானும் மனைவியும் வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் இருந்தோம். கஞ்சி போச்சு, கணக்குப் பிழைச்சுது, இனி வள்ளம்தான் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அப்போது பங்கர் வாசலில் இரண்டு கால் தெரிந்தது. வாழைத்தோட்டத்துக்குள்ளால், மரத்துக்கு மரம் ஒளித்து ஒளித்து, பேணியை வாழையிலையால் மூடிக்கொண்டு அக்கா வந்திருந்தாள்.

"உனக்கென்ன விசரே?" என்று கத்தினேன். "மேலை சுடுறான், நீ கஞ்சியோடை வாறாய்!"

"ஒரு நாளும் தவறக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே. சத்தம் போடாமல் குடி. சிந்தினால் அளவு குறையும்."

குடித்தேன். கண்ணீர் ஒழுகியது. மிளகு கூடிப்போச்சு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சோதனைக்கு அக்காவும் மினிபஸ்ஸில் வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று வெளியே வாங்குப் பலகையில் இருந்துகொண்டாள். டொக்டர் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அச்சாவாய் நிக்குது. கொழும்பு தேவையில்லை" என்றார். கொப்பியில், குளிசைக்குக் கீழே, "இலைக்கஞ்சி, தினமும் ஒரு பேணி" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

வெளியே வந்து கொப்பியை அக்காவிடம் நீட்டினேன். அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை வாசித்தாள். பிறகு கொப்பியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, அத்தனை சனத்துக்கும் முன்னால் என் சேட்டுப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் காதை வைத்தாள்.

"நல்லாய் அடிக்குதடா" என்றாள். காதை எடுக்கவே இல்லை.