ஒரே கயிற்றில் கைகள்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. உங்களில் பலருக்கு அக்காவின் மீன்குழம்பைத் தெரியும், கோபத்தைத் தெரியும், கோயில் பாடகர் குழுவில் மற்றவர்களை மீறிக் கேட்கும் குரலைத் தெரியும். நான் அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றியே கூடுதலாக எழுதப் போகிறேன். ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும் அதை அவர் எப்படிச் செய்தார் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அக்கா சாம்பல்தீவில், கடற்றொழில் செய்த குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். போர் எங்களை ஊரைவிட்டுக் கிளப்பியபோது அவர் பள்ளிப் படிப்பை முடித்திருக்கவில்லை. முகாமில் நிவாரணச் சாமான்கள் வந்த பெட்டிகளின் பலகையை எடுத்து, மழுங்கிய கத்தியால் எனக்கு மீனும் நண்டும் செதுக்கித் தந்தார். "விரலை வெட்டிப்போடாதை பிள்ளை" என்று அம்மா சத்தம் போடுவார். அக்கா விரலை வெட்டிக்கொண்டார்தான். ஆனால் கத்தியை விடவில்லை.

ஊர் திரும்பிய பின் திருகோணமலை நகரில் ஒரு தளபாடப் பட்டறையில் மரத்தைத் தேய்த்து மினுக்கும் வேலைக்குப் போனார். பொம்பிளைப் பிள்ளைக்கு உளி எதற்கு என்று கேட்ட அதே பட்டறையில், சில வருடங்களில் அலுமாரிக் கதவுகளுக்கும் கோயில் பீடங்களுக்கும் பூவேலை செய்பவர் அவரே என்றாகியது.

அக்கா மணந்த அத்தான் கரைவலைக்காரர். கடலில் வளைத்துப் போட்ட பெருவலையை, கரையில் நின்று பலர் சேர்ந்து கயிறு பிடித்து இழுக்கும் தொழில் அது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை அக்கா எவரிடமும் சொல்லி அழுததில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவருடைய வீட்டில்தான் வளர்ந்தார்கள் என்று சொன்னாலும் பிழையில்லை.

பிறகு அந்தக் கரைத் தகராறு வந்தது. வலை இழுக்கும் கரைத் துண்டு யாருக்கு என்பதில் எங்கள் ஊரவர்களுக்கும் அடுத்த ஊர் முஸ்லிம் சகோதரர்களுக்கும் மூண்ட சண்டை. எங்கள் ஆட்கள் கரையில் அவர்கள் தங்கித் தொழில் செய்யும் குடிலான வாடியைக் கொளுத்தினார்கள். அவர்கள் தடிகளோடு வந்தார்கள். ரபீக் என்பவர் அடித்த அடி அத்தானின் வலது தோளில் விழுந்தது. எலும்பு பொருந்தியது, ஆனால் கை அதற்குப் பிறகு உயரவே இல்லை. வழக்கும் நடந்தது, கூட்டமும் நடந்தது. எத்தனை கதைத்தும் அந்தக் கரையில் வலை போட இரண்டு பகுதியும் துணியவில்லை. மீன் நிறைந்த கடல் சும்மா கிடந்தது.

ஒரு மாரிக்காலத்தில், கடல் கொந்தளித்து ஓய்ந்த பின், அதே கரையில் ஒரு பெரிய மரம் வந்து ஒதுங்கியது. எந்த நாட்டு மரம் என்று எவருக்கும் தெரியவில்லை. மூன்று ஆள் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமன், உள்ளே கருஞ்சிவப்பு. அதற்கும் இரண்டு பகுதியும் உரிமை கேட்டன. பங்குத் தந்தையும் பள்ளிவாசல் மௌலவியும் இரண்டு ஊரையும் கூப்பிட்டு இருத்தி, மரத்தைச் சரிபாதியாக அறுத்துப் பகிரலாம் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் அக்கா எழுந்தார்.

"அறுத்தா ரெண்டு பக்கத்துக்கும் விறகுதான் மிஞ்சும், ஃபாதர். மரத்தை என்னட்டைத் தாங்கோ. வலை இழுக்கிற சனத்தைச் செதுக்கித் தாறன். ரெண்டு ஊர்ச் சனத்தையும், ஒரே கயித்திலை."

சிலர் சிரித்தார்கள். மௌலவி சிரிக்கவில்லை. "நல்ல எண்ணம், தங்கச்சி. ஆனா ஆள் உருவம் செதுக்கினா எங்கட ஆக்கள் அதுக்குக் கிட்ட வரத் தயங்குவாங்க" என்றார்.

"அப்ப முகம் வேண்டாம். கை மட்டும் போதும். ஆனா அது உண்மையான ஆக்களின்ர கையா இருக்கவேணும். ஒவ்வொரு வீடாப் போய்ப் பாத்துத்தான் செய்வன்" என்றார் அக்கா.

இரண்டு பகுதியும் ஒப்புக்கொண்டன. மரத்தை அடுத்த ஊரவர்களுடைய உழவு இயந்திரம் இழுத்துவந்து எங்கள் வளவுக் கொட்டிலில் போட்டது. அன்றைக்கு அத்தான் சாப்பிடவில்லை.

"என்ர தோளை உடைச்சவன்ர கையையும் அதிலை வெட்டப்போறீரோ?"

"ஓம். அந்தக் கை இல்லாட்டி நான் செய்யிறது பொய்."

"அப்ப என்ர கையை எதிர்பாக்காதையும்."

சில நாட்களின் பின் அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் நாங்கள் நானா என்னும் அந்த ரபீக்கின் வீட்டுக்குப் போனார். கரையோரப் பாதை பஸ்ஸில் இருந்து இறங்கி நடந்தோம். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"கேஸ் விசயமா வந்தீங்களா?"

"இல்லை நானா. உங்கட கையைப் பாக்க வந்தனான்."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "ஏலாது. இந்தக் கைய நீங்க பாக்கவேணாம்" என்றார். உள்ளே இருந்து அவருடைய உம்மா வந்து கதவடியில் நின்றார். "குடு மகன். அந்தப் புள்ள எவ்வளவு யோசிச்சு வந்திருக்கும்" என்றார்.

அவர் உட்கார்ந்து, வலைக்கயிறு ஒன்றைப் பற்றிப் பிடித்தார். அக்கா முன்னால் இருந்து வரைந்தார். இடையில் எழுந்து, தன் கணவனை அடித்த அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, வெளிச்சம் படும் பக்கம் மெதுவாகத் திருப்பி வைத்தார். பெருவிரலடியில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. அதையும் விடாமல் வரைந்தார். பெருங்கோயில்களையும் பெரிய திருவிழாக்களையும் கண்டிருக்கிறேன். அந்த முற்றத்தில் உணர்ந்த பயபக்தியை வேறெங்கும் உணர்ந்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா வரைந்த தாளை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். "பயமா இருந்ததோ அக்கா?" என்றேன். "ஓம். இறங்கும்வரைக்கும் என்னோடை கதையாதை" என்றார்.

அதன் பிறகு இரண்டு ஊரிலிருந்தும் ஆட்கள் தாங்களாகவே கொட்டிலுக்கு வரத் தொடங்கினார்கள். வலை இழுப்பவர்கள் வந்தார்கள், மீன் காயவைக்கும் பெண்கள் வந்தார்கள். ஒரு பகுதி இருக்கும்போது மற்றப் பகுதி வந்தால் முதலில் வெளியில் நின்றார்கள். பிறகு உள்ளே வந்து இருந்து தேநீர் குடித்தார்கள். பட்டறை வேலை முடிந்து வந்தும் ஞாயிறு பூசைக்குப் பிறகும் அக்கா செதுக்கினார். மரத்துக்குள்ளே முறுக்கேறிய கயிறு ஒன்று நீண்டது. அதைப் பற்றி, சோடி சோடியாகக் கைகள் வந்தன. நரம்பு புடைத்தவை, வளையல் போட்டவை, நகம் சிதைந்தவை. எது எந்த ஊர்க் கை என்று பார்க்கிறவர்களால் சொல்ல முடியவில்லை.

ரபீக் நானாவின் கைகளுக்கு முன்னால் மட்டும் ஓரிடத்தை அக்கா வெட்டாமல் விட்டிருந்தார். அது யாருடைய இடம் என்று அத்தானுக்குத் தெரியும். எல்லா வேலையும் முடிந்தும் அந்த இடம் வெட்டாத கட்டையாகவே கிடந்தது. அக்கா ஒருநாளும் அவரை வற்புறுத்தவில்லை. ஒரு காலை அத்தான் தானாகக் கொட்டிலுக்குள் வந்து, இடது கையை நீட்டினார்.

"இதைத்தான் தரலாம். மற்றது கயித்துக்கு வராது."

"வாற கை போதும்" என்றார் அக்கா. வரையும்போது அவருக்குக் கண் நிறைந்து, பலமுறை நிறுத்தித் துடைத்தார்.

சிற்பத்தைக் கரைக்குக் கொண்டுபோய், மீன் ஏலம் கூறும் இடத்துக்குப் பக்கத்தில் கூரை போட்டு வைத்த அன்று இரண்டு ஊரும் திரண்டன. ரபீக் நானா தழும்பைக் கொண்டு தன் கையை அடையாளம் கண்டார். அதற்கு முன்னால் தனியாக இருந்த கையையும் கண்டார்.

"இதில ஒரு கைதானே இரிக்கு?"

கூட்டத்துக்குள் இருந்து அத்தான் சொன்னார்: "அது என்ர. மற்றது ஏலாது."

ரபீக் நானா அந்த மற்றக் கை இருந்திருக்க வேண்டிய வெறும் கயிற்றைத் தடவினார். தடவியபடியே குனிந்து அழுதார். அத்தான் முன்னால் போய் நின்றார்.

"மரத்தை என்னத்துக்குத் தடவுறீங்கள்? ஆள் இஞ்ச நிக்கிறன்."

தன்னுடைய இடது கையை அவரிடம் கொடுத்தார். அக்கா அந்த நேரம் சிற்பத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அக்காவே கோபிப்பார். பிறகும் வாய்த்தர்க்கங்கள் வந்தன. ஆனால் ஒருவர் மேல் ஒருவர் தடி எடுக்கவில்லை. முறை வைத்து, இரண்டு ஊரும் அந்தக் கரையில் வலை இழுக்கின்றன. ஆள் குறைந்த நாட்களில் ஒரு பகுதிக் கயிற்றை மற்றப் பகுதியும் பிடிக்கிறது.

நோய் வந்த பின் அக்கா நீண்ட காலம் இருக்கவில்லை. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபோதும் தாதிமாரின் கைகளைப் பார்த்து, "நல்ல கை பிள்ளை உமக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விடியற்காலையில், அத்தானும் நானும் பக்கத்தில் இருக்க, அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அவரை அடக்கம் செய்யச் சேமக்காலைக்குக் கொண்டுபோன அன்று கரையில் ஒரு வலையும் இறங்கவில்லை. எவரும் எவருக்கும் சொல்லி அனுப்பியதாக நான் அறியவில்லை.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பங்குத் தந்தைக்கும், வீடு தேடி வந்து ஆறுதல் சொன்ன மௌலவி அவர்களுக்கும், செத்தவீட்டு நாட்களில் எங்கள் குசினியில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு அனுப்பிய ரபீக் நானாவின் உம்மாவுக்கும், அன்று தொழிலை விட்டு வந்த இரண்டு ஊர்க் கடற்றொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அத்தானிடம், உங்கள் பெயராலும் ஏதாவது எழுதவா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நான் பெரிய மனசோடை மன்னிச்சனான் எண்டு எழுதிப்போடாதையும். எனக்கு அது ஏலாமல்தான் இருந்தது. அவ இடம் விட்டு வைச்சிருந்தவ. நான் போய் நிண்டனான். அதை எழுதும்."

எழுதிவிட்டேன்.

அன்புத் தங்கை
சாம்பல்தீவு