மங்களேஸ்வரி அளந்த வலு

2008 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சைக்கிள் கழகக் கூட்டத்தில், பயிற்சியாளன் கெய்ர், மங்களேஸ்வரி தன் மிதிவலுவை எழுதிக் கொடுத்த தாளைப் பதினைந்து பேருக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தான்.

"இருபது நிமிடத்துக்கு இருநூற்று அறுபத்திரண்டு வாட்! இவளை ஒலிம்பிக்குக்கு அல்லவா அனுப்ப வேண்டும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மங்களேஸ்வரிக்குக் காதுமடல் வரை சுட்டது. தாளை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, சப்பாத்தைக்கூடச் சரியாகக் கட்டாமல், பனிக்குள் இறங்கி நடந்தாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஒஸ்லோவில் பேருந்து ஓட்டினாள். ட்வெய்ட்டாவின் அடுக்குமாடி ஒன்றில், ஒன்பதாம் மாடியில், கணவன் குகதாசனோடு குடியிருந்தாள். சாரதி இருக்கையில் இருந்து இருந்து முதுகு பிடித்துக்கொண்டபோது வைத்தியர் சைக்கிள் ஓடச் சொன்னார். ஓடத் தொடங்கியவளால் நிறுத்த முடியவில்லை. ஐந்து வருடத்தில், ஏற்றங்களில் கழகத்துப் பெண்களில் பாதிப் பேரைப் பின்னால் விடும் அளவுக்கு வந்துவிட்டாள்.

ஜூன் மாதம் ஏரியைச் சுற்றி நடக்கும் நூற்று இருபது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்கு நான்கு பெண்கள் கொண்ட அணியைக் கழகம் அனுப்புவதாக இருந்தது. யார் அந்த நால்வர் என்பதை வாட் கணக்கில் தீர்மானிப்பேன் என்று கெய்ர் இலையுதிர் காலத்திலேயே அறிவித்திருந்தான். வேகத்தைக் காற்றும் ஏற்றமும் கூட்டிக் குறைக்கும்; கால் எவ்வளவு வலுவோடு மிதிக்கிறது என்பதை வாட் மட்டுமே சொல்லும். மங்களேஸ்வரிக்கு அது பிடித்திருந்தது. இந்த நாட்டில் வேலைக்கும் வீட்டுக்கும் யாரோ ஒருவருடைய அபிப்பிராயத்துக்காக அவள் காத்து நின்றிருக்கிறாள். எண்ணுக்கு அபிப்பிராயம் கிடையாது என்று நினைத்தாள்.

அளப்பதற்குக் கழகத்திடம் இருந்தது ஒரேயொரு பின்சில்லு, அதாவது சைக்கிளின் பின்சக்கரம். அதன் நடுவில் வலுமானி பூட்டியிருந்தது. ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக் கொண்டுபோகலாம். மங்களேஸ்வரியின் முறை மூன்று தரம் வந்தது. மூன்று தரமும் அவளுக்குச் சில்லு கிடைக்கவில்லை. ஒருமுறை பென்டெ என்பவளுக்கு அவசரமாம். மறுமுறை பற்றரி முடிந்துவிட்டதாம். மூன்றாம் முறை அவளுடைய பெயரை மறந்துவிட்டார்களாம். அந்த ஆத்திரத்தில்தான் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, திராமன் நகரில் இருந்த கஜரூபனிடம் பழைய ரோலர் ஒன்றை வாங்கினாள். அது சைக்கிளின் பின்சில்லை ஓர் உருளையோடு அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தாங்கி. உருளையைக் காந்தம் இழுத்துத் தடுக்கும். முன்னால் சிறிய திரை வாட் காட்டும். அடுக்குமாடியின் நிலவறையில் அதை வைத்து, உயிரைக் கொடுத்து மிதித்து எடுத்த எண்தான் அந்த இருநூற்று அறுபத்திரண்டு.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கஜரூபனுக்கு அழைத்தாள்.

"தம்பி, என்ன சாமானை எனக்கு வித்தனீர்? அத்தனை பேருக்கு முன்னாலை என்னைக் கள்ளியாக்கிப் போட்டீர்!"

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. அந்தத் திரையை நம்பாதேங்கோ, சும்மா கால் சூடாக்கத்தான் அது சரியெண்டு, நீங்கள் வாங்கேக்கையே சொன்னனான்."

அவன் சொல்லியிருந்தான். அவளுக்கு நினைவு வந்தது. ஆனால் கோபம் இறங்கவில்லை.

"சொன்னால் விளங்கிறமாதிரிச் சொல்லோணும்!"

பொறியியல் படித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த கஜரூபன் பொறுமையாக விளங்கப்படுத்தினான். "அது நீங்கள் மிதிக்கிறதை அளக்கேல்லை அக்கா. வேகத்தைப் பாத்துக் குத்துமதிப்பா ஒரு நம்பரைச் சொல்லுது. டயரிலை காத்துக் குறைஞ்சாலும் பிழை, காந்தம் சூடேறினாலும் பிழை."

"அப்ப உண்மையா அளக்கிறதுக்கு என்ன வழி?"

"பெடல் தண்டிலை பூட்டுற மானி இருக்கு. அது ஒரு பழைய காரின்ரை விலை. சில்லுக்குள்ளை வாறது உங்கடை ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிப் போடும். சங்கிலியின்ரை அதிர்வை வைச்சு அளக்கிறது மலிவு. ஆனால் அது ரோட்டுக்குத்தான் சரி. ரோலரிலை வைச்சால் எல்லாம் சேர்ந்து அதிர்ந்து கண்டபடி காட்டும்."

"அப்ப காசில்லாதவள் அளக்கப்படாது, என்ன?"

"இல்லை அக்கா. எண்ணெய் ரோலர் எண்டு ஒண்டு இருக்கு, காந்தத்துக்குப் பதிலா எண்ணெய் உருளையைத் தடுக்கும். எந்த வேகத்துக்கு எத்தினை வாட் எண்டு அதைச் செய்யிறவையே அட்டவணை போட்டிருக்கினம். பின்சில்லின்ரை வேகத்தை மட்டும் சரியாப் பாத்தால் காணும்."

பக்கத்தில் நின்ற குகதாசன் தலையில் கை வைத்தார். "இன்னொண்டோ? மங்களம், ஏன் நீர் இவங்களோடை மல்லுக்கட்டுறீர்? விட்டிட்டுப் பேசாமல் இரும்."

"பேசாமல் இருந்து இருந்துதான் இருவது வருசம் போச்சு. நீங்கள் பேசாமல் இருங்கோ."

அந்தக் கிழமையே காந்த ரோலரை விற்று எண்ணெய் ரோலர் வாங்கினாள். முன்சில்லில் பூட்டும் சாதாரண வேகமானியின் வயரை நீட்டிப் பின்சில்லில் கட்டினாள். ஒவ்வொரு முறையும் டயருக்கு ஒரே அளவு காற்று. உருளையை அழுத்தும் திருகுக்கு ஒரே அளவு சுற்று. எண்ணெய் சூடேறப் பத்து நிமிடம் மிதித்த பிறகுதான் கணக்கு. மூன்று கிழமைகளில் மூன்று பரிசோதனை செய்தாள். அட்டவணை நூற்றுத் தொண்ணூற்றைந்து, நூற்றுத் தொண்ணூற்றேழு, நூற்றுத் தொண்ணூற்றாறு என்றது. முந்திய எண் எத்தனை பெரிய பொய் என்று அப்போது தெரிந்தது. கெய்ரின் சிரிப்பில் நியாயம் இருந்தது என்பது அவளை இன்னும் எரிச்சலூட்டியது.

அதற்குள் அணியை அறிவித்துவிட்டார்கள். முதலாவது பென்டெ, இருநூற்றெட்டு. நாலாவது இடத்துக்கு இருநூறு. மங்களேஸ்வரியின் பெயர் எங்குமே இல்லை.

சனிக்கிழமை காலை தன் சைக்கிளோடு தொடருந்து ஏறி, ஹவுகெட்டோவில் இருந்த கெய்ரின் வீட்டு வாசலில் போய் நின்றாள். நோர்வேஜியனில் எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'தான். அன்று அது அவளுக்கு வசதியாக இருந்தது.

"என் முறைக்குரிய சில்லை இப்போது நீ தா."

கெய்ர் குளிர் உறைந்த கராஜிலிருந்து சில்லையும் அதன் திரையையும் எடுத்துவந்தான். அவள் அங்கேயே தன் சைக்கிளில் மாட்டினாள். பெடலைத் தொடாமல், சில்லைக் கையால் சுழற்றிவிட்டாள். திரை பதினெட்டு வாட் என்றது.

"ஒருவரும் மிதிக்காத சில்லுக்குப் பதினெட்டு வாட்டா?"

"சின்னப் பிழை. எல்லோருக்கும் ஒன்றுதானே."

"ஒன்றில்லை. சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்ற மாதிரி இது மாறும். ஓடுமுன் ஒவ்வொரு தரமும் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. நீ அதை வாசித்தாயா?"

அவள் கையேட்டை வாசித்திருந்தாள். பேருந்து தரிப்பிடத்தில் கிடைத்த இடைவேளைகளில் இரண்டு தடவை. பொத்தானை அழுத்தினாள். மறுபடி சில்லைச் சுழற்றினாள். பூச்சியம்.

"என் தாளைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாயே, இந்தப் பதினெட்டையும் தூக்கிக் காட்டு. எல்லோரையும் திரும்ப அளக்க வேண்டும். இல்லாவிட்டால் இதைக் கூட்டத்தில் நான் சுழற்றிக் காட்டுவேன்."

அடுத்த சனிக்கிழமை கழக மண்டபத்தில் ஏழு பெண்கள் மாறிமாறி அந்தச் சில்லை மிதித்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் மங்களேஸ்வரியே நின்று பூச்சியம் பார்த்தாள். பென்டெயின் இருநூற்றெட்டு நூற்றுத் தொண்ணூற்று மூன்றாக இறங்கியது. மங்களேஸ்வரிக்கு நூற்றுத் தொண்ணூறு. நிலவறை சொன்னதற்கு ஆறுதான் குறைவு. ஏழு பேரில் அவள் இரண்டாவது.

கெய்ர் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பெயர்ப் பட்டியலை அனுப்பியாயிற்று. சட்டைகளும் அடித்தாயிற்று. உன்னை மேலதிக ஆளாகப் போடலாம்."

மண்டபத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அணியில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்து, நூற்று எழுபத்தொன்பது வந்து இப்போது ஐந்தாவதாகிவிட்ட லீவ் என்பவள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்படியானால் எண்களை எதற்குக் கேட்டாய்?" மங்களேஸ்வரியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "சட்டை அடிக்க முன்னமே முடிவெடுத்திருந்தால், ஒரு குளிர்காலம் முழுக்க நான் எதற்காக நிலவறையில் வியர்த்தேன்?"

அதே இடத்தில் கழகத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினாள்.

ஜூனில் தனி ஆளாகப் பெயர் கொடுத்து ஓடினாள். அணிப் பெண்கள் அவளுக்கு இருபது நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டார்கள். முடிவுக் கோட்டுக்கு அப்பால் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற குகதாசன், "பரவாயில்லை, நல்லாத்தான் ஓடினீர்" என்றார்.

"பரவாயில்லையோ? அவளவை ஆளுக்காள் காத்து மறைச்சு ஓடினவளவை. நான் நூற்றிருவது கிலோமீட்டரும் தனியக் காத்துக்கு முகம் குடுத்தனான். ஆறுதல் சொல்லாதேங்கோ!"

அவர் போத்தலை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள்.

அந்த ஒக்டோபரில் லீவும் இன்னொருத்தியும் ட்வெய்ட்டாவுக்கு வந்தார்கள். எண்ணெய் ரோலர் எது நல்லது, வேகமானியை எப்படிக் கட்டுவது என்று கேட்டார்கள். மங்களேஸ்வரி அவர்களை நிலவறைக் கதவிலேயே மறித்தாள்.

"அன்றைக்கு மண்டபத்தில் ஏன் பேசாமல் நின்றீர்கள்?"

"எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது," என்றாள் லீவ்.

"எனக்கும்தான் வேண்டியிருந்தது."

மங்களேஸ்வரி மன்னித்ததாக ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து, காற்றடிக்கும் பம்பை எடுத்து லீவின் கையில் திணித்தாள்.

"முதலில் டயருக்குக் காற்று அடி. சரியான அளவுக்கு. நான் பார்க்கிறேன்."