வெள்ளாயி திருடவில்லை

சென்ற வெள்ளிக்கிழமை மலையிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்கி வந்த ஒருவர், அடிவாரத்தில் என் வீட்டு வாசலில் சுமையை இறக்கி வைத்துத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "வளப்பூர் நாட்டுல அந்த வெள்ளாயி செத்துப் போயிட்டாளுங்க. காய்ச்சலுங்க, மூணே நாளு" என்றார். எந்த வெள்ளாயி என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "அதானுங்க, உங்க முகாம்ல பச்சை மருந்தைத் திருடிட்டுப் போயி அண்ணன் புள்ளையைக் கொன்னாளே, அவதானுங்க." நான் செம்பை வாங்கி உள்ளே வைத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா?

இதைப் படிப்பவர்களில் பலர் வெள்ளாயியைச் செம்மேட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். என்னையும் அறிவீர்கள். யுத்தத்துக்கு முன்னால் செம்மேட்டில் மலைக்காய்ச்சல் முகாம் போட்டிருந்தபோது நான் அங்கே கம்பவுண்டர். வெள்ளாயி முகாமைப் பெருக்கித் தண்ணீர் சுமந்தவர். புருஷன் இறந்தபின் அண்ணன் பொன்னான் வீட்டில் இருந்தார். அன்று அவரை 'ஏ வெள்ளாயி' என்றுதான் கூப்பிட்டேன். 'அவர்' என்று எழுதுவதற்கு எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறது. சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் திருடவில்லை. நான்தான் கொடுத்தேன்.

கொசுப் புழுவைக் கொல்ல ஓடைக் கரைகளில் தூவுவதற்கென்று ஒரு பச்சைத் தூள் தகர டப்பாக்களில் வரும். பாஷாணம் கலந்தது. டப்பாவின் மேல் ஒட்டிய காகிதத்தில் மண்டையோட்டுப் படமும் இங்கிலீஷ் எழுத்தும் இருக்கும். அந்த மார்கழியில் ஒரு டப்பா ஈரம் பட்டு, தூள் கட்டி தட்டிப் போயிற்று. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு மெழுகும்போது தரை பச்சென்று இருக்க வேண்டும் என்று சாணத்தில் அவரைக் கொடி இலையைக் கசக்கிப் போடுவது அங்கே வழக்கம். அந்தப் பச்சை இரண்டு நாள் தாங்காது. வெள்ளாயி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதைச் சாணியில கரைச்சு மொழுகுனா எப்படி இருக்குமுங்க?"

"வீணாப் போனதுதானே, எடுத்துக்கிட்டுப் போ. கொசுவும் வராது" என்றேன். "வாயில மட்டும் வச்சுடாதே."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அது விஷம் என்று எனக்குத் தெரியும். தரையை யார் தின்னப் போகிறார்கள் என்று நினைத்தேன். படித்தவன் மூளை அவ்வளவு தூரம்தான் ஓடியது.

அப்படி ஒரு பச்சையை அந்த ஊர் பார்த்ததில்லை. பொன்னான் வீட்டுத் தரையைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். கேட்டவர்களுக்கு வெள்ளாயி ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார். ஆறு வீடுகளுக்குப் போயிற்று. பொங்கலன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தத் தரையில் உட்கார்ந்துதான் தினைப் பொங்கல் தின்றேன். பொன்னானின் பிள்ளை சடையன், பத்து மாதக் குழந்தை, தவழ்ந்து என் முழங்கால்வரை வந்து கையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். தூக்கிக் கொஞ்சினேன். கொஞ்சிவிட்டு மறுபடி அந்தத் தரையிலேயே இறக்கிவிட்டேன்.

முதலில் கோழிகள் செத்தன. கோழிச் சீக்கு என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் பொன்னானும் அவர் மனைவி செல்லியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு ஓடி வந்தார்கள். வாந்தி, கஞ்சித் தண்ணீர் போலப் பேதி. செல்லி, "சாமி, கண்ணு முழிக்க மாட்டேங்குறானுங்க, என்னன்னு பாருங்க சாமி" என்று காலில் விழுந்தார். நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். அந்தச் சின்ன நகங்களுக்குள் பச்சை இருந்தது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் குழந்தை போய்விட்டது. வெள்ளாயி வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்தார். அவரும் அந்த நகங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அழவில்லை.

பச்சைத் தரையில் தவழ்ந்த குழந்தை செத்த செய்தி மலைக்குக் கீழே போயிற்று. ஒரு வாரம் கழித்து அங்கிருந்து ஓர் அதிகாரி டோலியில் வந்தார். முகாம் வாசலில் ஊரே கூடியிருந்தது. பூட்டி வைக்க வேண்டிய விஷம் வெளியே போனது எப்படி என்று கேட்டார். நான் மேஜைக்கு முன் வாக்குமூலம் எழுத உட்கார்ந்திருந்தேன். என் உத்தியோகம், என் மனைவி, என் இரண்டு பிள்ளைகள், எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்கின. வெள்ளாயி முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க எடுத்தேன். யாரையும் கேக்காம எடுத்தேனுங்க."

நான் எழுதினேன். 'அனுமதியின்றி எடுத்துச் சென்றதாக ஒப்புக்கொள்கிறாள்' என்று என் கையால், கோணாமல் எழுதினேன். அவர் விரலைப் பிடித்து மையில் அழுத்தி ரேகை வைக்கச் செய்ததும் நான்தான். அவர் வேலை போயிற்று. முகாமுக்கு ஒரு புதுப் பூட்டு வந்தது.

ஒரு மாதம் கழித்து ஓடைக்கரையில் அவரைத் தனியாகப் பார்த்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கேட்பதற்கு மட்டும் எனக்குத் தைரியம் இருந்தது.

"உங்களைக் கீழ அனுப்பிட்டா இத்தனை காய்ச்சக்காரங்களுக்கு மருந்து யாருங்க குடுப்பாங்க?" என்றார். குடத்தை நிரப்பிக்கொண்டே, "நான் எப்படியும் கொன்னவதானுங்க. கொன்னவ திருடியாவும் இருந்துட்டுப் போறா, என்னங்க இப்ப?" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தக் குடத்துத் தண்ணீர் குடிப்பதற்கு அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. மெழுகிய ஏழு வீட்டுத் தரைகளையும் அவர் பெயர்த்துக்கொண்டிருந்தார். தூசி பறக்கக் கூடாதென்று முதலில் நீர் தெளிப்பார். பிறகு ஒரு சாண் ஆழம் கொத்தி எடுப்பார். மண்ணைக் கூடையில் சுமந்துபோய், ஓடை எதுவும் இறங்காத ஒரு பாறைச் சரிவில் குழி வெட்டிப் புதைத்து, மேலே கல் அடுக்கினார். ஒவ்வொரு வீட்டிலும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒரு வீட்டில் துடைப்பத்தால் அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டே கொத்தினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு அன்று முகாமில் நிறைய வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் அவர் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் கண் முதலில் பரணைப் பார்க்கும். கேழ்வரகு மாவுக்குப் பக்கத்தில் எலிப் பாஷாணப் பொட்டலம் இருந்தால், கேட்காமலே எடுத்துப் போய்ப் புதைத்துவிடுவார். மருந்து வந்த தகர டப்பாவில் யாராவது உப்புப் போட்டு வைத்திருந்தால் கல்லால் நசுக்கிவிடுவார். "வாய்க்குள்ள போகக் கூடாதது வாசப்படிக்குள்ளயும் வரக் கூடாதுங்க" என்பார். "தவழற புள்ள இருக்கற ஊட்டுல தரையும் ஒரு தட்டுதானுங்க" என்பார். திருடி கைக்கு எதுவும் தப்பாது என்று பெண்கள் பின்னால் சிரிப்பார்கள். ஆனால் மெல்ல மெல்ல, பரணில் இருந்த பொட்டலங்கள் வீட்டுக்கு வெளியே எரவாணத்தில் போய்ச் செருகிக்கொண்டன.

ஒரு முறை செம்மேட்டுச் சந்தைக்குக் கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் மெழுகும் சாணத்தில் கலக்க என்று பளபளப்பான மஞ்சள் தூள் கொண்டுவந்து குவித்திருந்தார். வெள்ளாயி கடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுல தவழற புள்ள இருக்குதுங்களா?"

"இருக்குது. அதுக்கென்ன?"

"உங்க ஊட்டுத் தரைக்கு இதைப் போட்டிருக்கறீங்களா?"

வியாபாரி தூளைக் கையால் கூட்டிக் குவித்தார்.

"அப்பறம் எங்க ஊட்டுத் தரைக்கு மட்டும் எதுக்குங்க?"

காசு எடுக்கப் பையில் கை விட்டவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் யாரோ, "திருடி நாயம் பேசறா பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டு கடை தள்ளி வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் அன்று. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

முகாமை மூடியபோது மலைக்காரர்கள் எனக்கு மாலை போட்டார்கள். பலாப்பழமும் மிளகும் கொண்டுவந்து குவித்தார்கள். "எங்களைக் காப்பாத்துன சாமி" என்றார்கள். கூட்டத்துக்குக் கடைசியில் வெள்ளாயி நின்றிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். இல்லை. எல்லோரையும் போல அவரும் கும்பிட்டார்.

அடிவாரத்துக்கு வந்த பின்னும் அது என்னை விடவில்லை. நாற்றங்கால் பச்சை பிடிக்கும் நாட்களில் வயல் வழியே போக மாட்டேன், சுற்றுவழியாகப் போவேன். என் பிள்ளைகளின் நகங்களை நானே வெட்டுவேன். வெட்டுமுன் ஒவ்வொரு விரலையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பேன். அவர்கள் மீசை முளைத்த பிள்ளைகளான பிறகும் ஒரு நாள் அப்படிக் கையைப் பிடித்துப் பார்த்தேன். "என்னப்பா?" என்றான் மூத்தவன். "ஒன்றுமில்லை" என்றேன். பயந்தவன் பேச்சு எப்போதும் அதுதான்.

மிளகுக்காரர் போன மறுநாள் மலையேறினேன். மூச்சு வாங்கியது, வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்திருந்தது. செல்லி சாவு வீட்டை மெழுகிக்கொண்டிருந்தார். வெறும் சாணம். பொன்னான் எழுந்து வந்து, "வாங்க சாமி, வாங்க" என்று கோரைப்பாயைப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, அக்கம்பக்கத்தார் கேட்கச் சொன்னேன். வெள்ளாயி திருடவில்லை, கேட்டார், நான் கொடுத்தேன், விஷம் என்று தெரிந்தே கொடுத்தேன், பிறகு பொய்யை என் கையால் எழுதினேன் என்று.

பொன்னான் தலையைக் குனிந்துகொண்டார். செல்லியின் கை தரையில் அப்படியே நின்றது. சாணக் கையோடு என் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஊட்டுல பன்னெண்டு வருசம் இருந்தோமுங்க. அவகிட்ட நான் ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க. கஞ்சியை முன்னால வச்சுட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவேன். கேக்காம எடுத்தாளே, கேட்டிருந்தா அந்தச் சாமி வேண்டாமுன்னு சொல்லியிருக்குமேன்னுதானுங்க என் கோவமெல்லாம். இப்ப வந்து சொல்றீங்களே... நான் யாருகிட்டப் போயிப் பேசறதுங்க?"

அப்போதும் மரியாதை குறையாமல்தான் கேட்டார். அவர் மறுபடி குனிந்து மெழுக ஆரம்பித்தார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

வெள்ளாயியை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எதை வைத்திருக்கிறேன் என்று கேட்டால், ஒன்றே ஒன்றுதான். மலை முழுவதும் எனக்கு இருக்கும் நல்ல பெயர். அது அவர் எனக்காகக் கழற்றிக் கொடுத்தது. உங்களில் யாருக்காவது என்மீது இன்னும் மரியாதை மிச்சம் இருந்தால், அதை என்னிடம் விட்டுவைக்காதீர்கள். எடுத்துக்கொண்டுபோய் அவர் பெயருக்கு வையுங்கள். உயிரோடு இருந்தபோது நான் கொடுக்காதது அது.