தோற்றம் ஒன்று, மறைவு பன்னிரண்டு

தமிழில் எழுதினால் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும் என்று நினைத்தேன். புரிந்தது. அவ்வளவு நன்றாகப் புரியும் என்றுதான் நினைக்கவில்லை.

நான் இன்ட்ரோ டெம்ப்ளேட் செய்து விற்கிறவள். ஒரு வீடியோ தொடங்கும்போது பெயர் சுழன்று வரும், ஒரு படம் மெல்ல முன்னால் வந்து நிற்கும், பிறகு கரைந்துபோகும். அந்தச் சில நொடிகளின் எலும்புக்கூடுதான் என் சரக்கு. வாங்குகிறவர் தன் பெயரை, படத்தை, நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். அசைவு மட்டும் என்னுடையது. பாபநாசத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து செய்கிறேன். கல்யாண ஸ்டுடியோக்காரர்கள், காதுகுத்து வீடியோ எடுக்கிறவர்கள், புதிதாகச் சேனல் தொடங்கி ஊருக்கு உபதேசம் செய்யக் கிளம்பியவர்கள் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

எடுத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள், போன் செய்வார்கள். "மேடம், இன்னுன்னு ஒண்ணு இருக்கு, அவுட்டுன்னு ஒண்ணு இருக்கு, எதை இழுத்தா என்ன ஆவும்னே தெரியலங்க." ஒரு நாளைக்கு இதையே எத்தனை பேருக்குச் சொல்வது? எனக்குப் பொறுமை குறைவு. அடுத்த டெம்ப்ளேட்டில் எல்லாப் பெயர்களையும் தமிழிலேயே வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நிறம், அளவு, வேகம் எல்லாம் எளிதாக வந்தன. படம் எந்த நொடியில் உள்ளே வர வேண்டும், எந்த நொடியில் வெளியே போக வேண்டும் என்பதற்குத்தான் சொல் அகப்படவில்லை. 'உள்ளே', 'வெளியே' என்று போட்டால் பேருந்து நிலையக் கழிப்பறை வாசல் மாதிரி இருந்தது. யோசித்து யோசித்து, 'தோற்றம்', 'மறைவு' என்று வைத்தேன். கச்சிதமான சொற்கள். என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மாதிரிக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அப்பாவின் படத்தைப் போட்டேன். அப்பா குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். நாற்றங்காலில் நின்றுகொண்டு, வரப்பில் உட்கார்ந்துகொண்டு, களையைப் பற்றியும் புகையான் பூச்சியைப் பற்றியும் பேசி ஒரு சேனல் நடத்துகிறார். எடுப்பது அம்மா, எடிட்டிங் நான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பார்கள். "என் மூஞ்சியப் போட்டா எவன் வாங்குவான்?" என்று அலுத்துக்கொண்டாரே தவிர, தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் படத்துக்கு நின்றார். படத்தைச் சுற்றி நெற்கதிர்களால் ஒரு வளையம் செய்தேன். எட்டி நின்று பார்த்தால் மாலை போலத் தெரியும். நான் எட்டி நின்று பார்க்கவில்லை.

வேலை செய்யும்போது, எது எத்தனையாவது நொடியில் வரும், போகும் என்ற குறிப்பைப் படத்தின் மேலேயே எழுதி வைத்துக்கொள்வேன். வெளியிடும் முன் அதை அணைத்துவிட வேண்டும். அன்று மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. இருக்கும்போதே ஏற்றிவிடலாம் என்ற அவசரத்தில் அணைக்கவில்லை. மாதிரி வீடியோவைக் குடும்பக் குழுவிலும் போட்டேன். எல்லாரும் பாருங்கள், ஆதரவு தாருங்கள் என்று எழுதச் சோம்பல்பட்டு, கைகூப்பும் பொம்மை ஒன்றை மட்டும் போட்டேன்.

போனைத் திறந்தவர்கள் கண்ட காட்சி இது: நடுவில் அப்பா. சுற்றிலும் மாலை. இடப்பக்கம் 'தோற்றம் 01'. வலப்பக்கம் 'மறைவு 12'. கீழே கைகூப்பு.

முதலில் கூப்பிட்டது நாகூரில் வாழ்க்கைப்பட்ட அத்தை, அப்பாவின் தங்கை. "எப்படீடி ஆச்சு? காலைலகூட எங்கிட்ட பேசுனாரேடி எங்கண்ணன்!"

"என்ன அத்தை ஆச்சு?"

"என்னையவே கேக்குறியேடி பாவி!" என்று அலறினாள். பின்னால் அவள் வீட்டில் யாரோ வண்டி சாவியைத் தேடும் சத்தம் கேட்டது.

எனக்கு விளங்குவதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் உரக்கடை வைத்திருப்பவர் பெரிய ரோஜா மாலையோடு வந்து நின்றார். அதே நேரம் அப்பா வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு வண்டியில் வந்து இறங்கினார்.

"வாங்க வாங்க. மாலையெல்லாம் பலமா இருக்கு. யாருக்குங்க?"

உரக்கடைக்காரர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான்தான் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை. மாலையை வாங்கித் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு, வந்தவர்களை எல்லாம் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வண்டி மேல் சாய்ந்தார். சிரிப்பு நின்ற பிறகும் மூச்சு அடங்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. "ஒண்ணுமில்ல, சிரிச்சதுல நெஞ்சு கரிக்குது" என்றார். மாலையைக் கழற்ற அவரால் கையைத் தூக்க முடியவில்லை. அம்மாதான் கழற்றினாள்.

அந்த வாரமே தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். இதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு. பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி இடம் இருக்கிறது என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தோம். பஸ்ஸில் வரும்போது எங்கள் மூன்று பேருக்குமே எதுவும் உறைக்கவில்லை.

உறைத்தது அத்தைக்கு. தேதியைச் சொன்னதும் மெல்லிய குரலில், "மறைவு பன்னெண்டுன்னு போட்டிருந்தியேடி" என்றாள்.

சகுனம், ஜாதகம் என்று யார் பேசினாலும் வாயை அடைக்கிறவள் நான். அன்றும் அடைத்தேன். அது நொடிக் கணக்கு, உங்களுக்குப் பைத்தியமா என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு, பன்னிரண்டாம் தேதி என்ன கிழமை என்று காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

டெம்ப்ளேட்டை உடனே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். 'வருகை', 'விடை' என்று மாற்றிப் புதிதாக ஏற்றினேன். ஆனால் பழையதை ஏற்கெனவே பலர் எடுத்துவிட்டார்கள். படத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், அவசரக்காரர்கள் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து வீடியோவில், குழந்தை வருவதற்கு முன் அப்பா வந்தார். ஒரு டயர் கடைத் திறப்பு விழாவில் அப்பா மறைந்தார். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொன்றையும் அம்மாவுக்கு அனுப்பிவைத்தார்கள். போன் அடித்தால் அம்மா எடுப்பதையே விட்டுவிட்டாள். நாகூர் தர்காவுக்கு வேண்டிக்கொண்டு அத்தையோடு போய்விட்டு வந்தாள்.

அப்பா ஒரு நாள் மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பன்னெண்ட நகத்த முடியுமா?"

"முடியும்பா. இப்படி இழுத்தா நகரும்."

"எது வரைக்கும் போவும்?"

"முப்பது வரைக்கும். அதுக்கு மேல போவாத மாதிரி நாந்தான் பூட்டிருக்கேன்."

"ம்" என்று தலையாட்டினார். பிறகு, "பன்னெண்டாந்தேதி வேணாம்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி சாய்ந்தது. "நொடிப்பா அது! பன்னெண்டாவது நொடி! நாந்தானே போட்டேன்? என் கையால போட்டேன். டாக்டர் தள்ளிப்போடாதீங்கன்னு சொன்னது உங்க காதுல விழலையா?"

"நொடின்னு எனக்குத் தெரியாதா?" அப்பா என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெஞ்சு எலும்ப ரம்பத்தால அறுப்பாங்களாம்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் அப்பா பயந்துபோயிருந்தார். நல்ல பாம்பைக் கழியால் தள்ளிவிட்டு நாற்றுப் பறிக்கிற மனுஷர். பயம் என்று சொல்ல வாய் வராமல், நான் போட்ட எண்ணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தார். அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் இன்னும் ஒரு தடவை கத்தினேன். அம்மாவும் அத்தையும் அவர் பக்கம். தேதி தள்ளிப்போயிற்று.

பன்னிரண்டாம் தேதி அத்தை விடிகாலையிலேயே வந்துவிட்டாள். அப்பாவை வயலுக்கு விடவில்லை. குளிக்கப் போனால் கதவைத் தாழிட விடவில்லை. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, மூன்று பெண்களும் மாறி மாறி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆமாம், நானும்தான். அவர் ரசஞ்சோறு சாப்பிட்டார், செய்தி பார்த்தார், தூங்கினார். தூங்கும்போது அத்தை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அத்தை சர்க்கரைப் பொங்கல் கிண்டினாள். "கண்டம் கழிஞ்சிடுச்சுண்ணே. இனிமே ஒனக்கு ஒண்ணும் வராது" என்று அப்பா வாயில் ஒரு உருண்டையை ஊட்டினாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா நிமிர்ந்து நடந்தார். நானும் இரண்டு தட்டு பொங்கல் சாப்பிட்டேன். அதுதான் தவறிப்போன இடம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் மருத்துவமனையிலிருந்து புதிய தேதி சொல்லக் கூப்பிட்டபோது அப்பா, "இப்ப நல்லா இருக்கேங்க. அறுவடை முடியட்டும், பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் சண்டை போட்டால், "அதான் கண்டம் கழிஞ்சிடுச்சே" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த எண் முதலில் அவரைக் கொல்லும் என்றார்கள். கொல்லாததால் இப்போது அதுவே காப்பாற்றும் என்கிறார்கள். அந்தப் பேச்சின் முன்னால் என் வாய்த்துடுக்கு ஒன்றும் பலிக்கவில்லை. டாக்டரிடம் நானே போய்ப் பேசினேன். அவர் அழைத்து வாருங்கள் என்றார். அழைத்துப் போக ஆள் வர வேண்டுமே?

அறுவடை முடிந்தது. அடுத்த நடவுக்கு நாற்று விட்டாயிற்று. அப்பா வாரம் தவறாமல் வீடியோவுக்குப் பேசுகிறார். அம்மா எடுத்துத் தருவதை நான் எடிட்டிங் செய்கிறேன். பேச்சுக்கு நடுவே வரும் வெற்றிடங்களை வெட்டி ஒட்டுவது எல்லாரும் செய்கிற வேலைதான். பார்க்கிறவர்களுக்குப் பொறுமை கிடையாது. முன்பெல்லாம் அப்பா பேச்சில் வெட்ட அதிகம் இருக்காது. இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிற்கிறார். சில சமயம் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில். அத்தனையையும் எடுத்துவிடுகிறேன். 'ஐயாவுக்கு இந்த வயசுல என்ன ஒரு வேகம்' என்று கீழே எழுதுகிறார்கள். அதை அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறார். "பாத்தியா? ஒடம்பு சரியில்லாதவன் இப்படிப் பேசுவானா?"

போன வாரம் அவரை மாடிக்குக் கூப்பிட்டு, வெட்டாத பதிவைப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனை அவர் காதில் நானே மாட்டினேன். சேற்றுழவு பற்றிய பேச்சு. கொஞ்ச நேரம் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"பின்னால என்னம்மா புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம்? நம்ம மோட்டாரா?"

"அன்னைக்கு மோட்டார் ஓடலப்பா."

மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார். தன் கையை எடுத்து நெஞ்சில் வைத்தார், தெரியாமல் வைத்தது மாதிரி. எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை எழுந்தது. இப்போது சொல்வார், நாளைக்கே தஞ்சாவூருக்குப் போகலாம் என்று இப்போது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"இத எடுத்துட முடியும்ல?"

"முடியும்பா. ஆனா..."

"எடுத்துடும்மா. அம்மா கேக்கப்போறா."

அவர் இறங்கிப் போன பிறகு வெட்டினேன். ஒவ்வொன்றாகத் தேடித் தேடி, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் வெட்டி, நேற்று ஏற்றிவிட்டேன். நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். அப்பா கணீரென்று, நிற்காமல் பேசுகிறார். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு மூச்சுகூட விடவில்லை.