ராகுகாலம் பார்த்த மோட்டார்

1. பாஸ்டர் ஆமென் சொன்னதும்

அணைக்கட்டு பக்கத்தில் ஒரு மோட்டார் கொட்டகை. உள்ளே நாங்கள் நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறோம். பாஸ்டர் ஜெபம் செய்கிறார். நிலத்துக்காரர் ஐசக் அண்ணன், அவர் மனைவி மேரி அக்கா, ஓரமாக நான். நான் விபூதி வைக்கிற ஆள். ஆனால் அன்றைக்கு எந்தச் சாமி வந்து காப்பாற்றினாலும் சரி என்கிற நிலைமை.

அந்த மோட்டார் யாரும் தொடாமலே ஓடும், யாரும் தொடாமலே நிற்கும். கிணறு வற்றியது தெரியாமல் ஓடி, உள்ளே சுற்றியிருக்கிற கம்பிக் காயிலை இரண்டு தடவை எரித்துவிட்டது. இரண்டு தடவையும் காயில் கட்டிக் கொடுத்தவன் நான். அதற்கு முன்னால், போன் பண்ணினால் மோட்டார் ஓடும் என்று சொல்லி ஒரு டப்பாவை மாட்டிவிட்டவனும் நான்.

பாஸ்டர் ஆமென் என்றார். டப்பாவுக்குள் 'டக்' என்று ரிலே பிடித்தது. மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. பாஸ்டர் டப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பிரதர், இது எலக்ட்ரிகல்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

2. டீலர் ஆன கதை

என் படிப்பு ஆறாம் வகுப்பு. அதுவும் பாதி. மீதிப் பாதி வாத்தியாருக்கு என் மேல் இருந்த பயத்தில் போய்விட்டது என்று நான் சொல்வேன். அவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவார். தொண்ணூறுகள் முழுக்க ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டில் வேலை பார்த்தேன். தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர ட்ரம்கள் இருக்கும், அதற்கான மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது என் வேலை. அந்த நாற்றத்திலேயே பத்து வருஷம் இருந்ததால் எனக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே ஜலதோஷம் வந்தால்தான் ஞாபகம் வரும்.

பிறகு பள்ளிகொண்டாவில் சொந்தமாக ஒரு ரீவைண்டிங் கடை போட்டேன். இரண்டாயிரத்துக்கு அப்புறம், எல்லார் சட்டைப் பையிலும் போன் வந்துவிட்ட சமயம், பெங்களூரிலிருந்து டை கட்டிய ஒரு பையன் கடைக்கு வந்தான். கையில் ஒரு டப்பா. உள்ளே ஒரு சாதாரண மொபைல் செட், ஒரு பேட்டரி, கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற ஒரு ரிலே. சிம் போட்டு ஸ்டார்ட்டரோடு இணைத்துவிட்டால் போதும். ஒரு கால் வந்தால் மோட்டார் ஓடும், அடுத்த கால் வந்தால் நிற்கும். ஒரு ரிங் அடித்ததும் டப்பாவே கட் பண்ணிவிடும், அதனால் காசும் ஆகாது.

"சார், இந்த ஏரியாவுக்கு நீங்கதான் டீலர்," என்றான்.

என்னை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே நாலு டப்பா வாங்கினேன்.

முதல் டப்பாவை மலையடிவாரத்தில் ஒருவருக்கு மாட்டினேன். அவர் வீட்டில் டவர் கிடையாது. போன் பண்ண வேண்டுமானால் ஓவர்ஹெட் டேங்க் மேலே ஏற வேண்டும். டேங்க்குக்குப் போகிற வழியில்தான் அவர் மோட்டார் கொட்டகை இருந்தது. சுவிட்சைக் கையாலேயே போட்டுவிட்டு, மரியாதைக்காக மேலே ஏறி ஒரு போனும் பண்ணிப் பார்ப்பார். அது உடனே மோட்டாரை நிறுத்திவிடும்.

இரண்டாவது டப்பாவில் சூடு நன்றாக இருக்கிறது என்று ஒரு பல்லி குடித்தனம் வந்தது. ரிலே பிடித்த நேரத்தில் நடுவில் படுத்திருந்தது. பல்லியும் போச்சு, டப்பாவும் போச்சு.

மூன்றாவது ஆள் மாட்டின மறுநாளே கழற்றிக்கொண்டு வந்தார். "கூப்பிட்டா கட் பண்ணுதுப்பா. நம்ம மோட்டாரு நம்மளையே மதிக்கல," என்றார். நானும் விளக்கிப் பார்த்தேன். மனசு ஆறவில்லை அவருக்கு.

நாலாவது டப்பாதான் ஐசக் அண்ணனுடையது.

3. மேரி அக்கா வைத்த கெடு

ஐசக் அண்ணன் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பிரிவில் வேலை பார்த்தார். வீடு சத்துவாச்சாரியில். அணைக்கட்டில் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர். அதில் முள்ளு கத்திரி போட்டிருந்தார். எங்கள் பக்கத்துக் கத்திரிக்காய்க்குக் காம்பிலே முள் இருக்கும், சதையிலே எண்ணெய் மாதிரி ருசி இருக்கும். ஆனால் அந்தச் செடி ரொம்ப ரோஷக்காரச் செடி. தண்ணீர் கம்மியானால் வாடும், ஜாஸ்தியானால் வேர் அழுகும்.

மோட்டார் ஓடத் தேவையான த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வரும் என்பது அந்தக் கரண்டுக்கே தெரியாது. டூட்டி முடிந்து பஸ் பிடித்து இவர் போவதற்குள் கரண்ட் போய்விடும். அதற்குத்தான் டப்பா. பக்கத்து நிலத்து மணி, கரண்ட் வந்ததும் இவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். இவர் ஆஸ்பத்திரியிலிருந்து மோட்டாருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். கேட்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்.

ஞாபகம் வைக்க லேசான நம்பராக வேண்டும் என்று கேட்டார். என் தோஸ்த் ஒருவன் போன் கடை வைத்திருந்தான். அவனிடம் சொல்லி, ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி ஒரு பேன்சி நம்பர் வாங்கி மாட்டினேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்றால், டப்பா மேலேயே பெயிண்டில் எழுதி வைத்தேன்.

மேரி அக்கா ஸ்கூல் டீச்சர். பேச்சு அளந்துதான் வரும். நான் மாட்டி முடித்ததும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"தம்பி, ப்ளாட் போடுற பார்ட்டி ஒருத்தர் இந்த நிலத்தைக் கேட்டுட்டே இருக்கார். இவரு பஸ்லயே பாதி ஆயுசைக் கழிக்கிறாரு. இந்த ஒரு கத்திரி பார்ப்பேன். வந்தா நிலம் இருக்கும். வரலன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்."

"வரும்க்கா. டப்பா இருக்குல்ல," என்றேன். அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.

மார்கழி முழுக்க டப்பா தங்கமாக வேலை செய்தது. தை பிறந்தது. மோட்டாருக்குப் பைத்தியம் பிடித்தது.

அண்ணன் ஓட்டக் கூப்பிட்டால் நின்றது. நிறுத்தக் கூப்பிட்டால் ஓடியது. கத்திரிப் பாத்தியில் தண்ணீர் தேங்கிக் கொக்கு இறங்கியது. மேற்குப் பக்கத்துச் செடியெல்லாம் மஞ்சளாகி வேரோடு கையில் வந்தது. மணி, முனி வேலை என்று சொல்லிக் கொட்டகை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினான். மேரி அக்கா பாஸ்டரைக் கூட்டி வந்தது அதற்குப் பதிலாகத்தான். பாஸ்டர் வண்டி சத்தம் தேய்ந்த பிறகு, ப்ளாட்காரரை வரச் சொல்லட்டுமா என்று அக்கா கேட்டார்கள். ஐசக் அண்ணன் அழுகின செடி ஒன்றைப் பிடுங்கி வரப்பில் போட்டார்.

4. எங்கம்மா சொன்ன துப்பு

அண்ணன் ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டு, கொட்டகையிலேயே உட்கார்ந்து மோட்டாரைக் காவல் காத்தார். புதன்கிழமை காலையில் நேராக என் கடைக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. எங்கம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கவனிச்சேன் சேகரு," என்றார் அண்ணன். "நாள் பூரா ஆடுது. ஆனா தினம் கொஞ்ச நேரம் கப்சிப்னு இருக்குது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். திங்கள்னா காலையில. நேத்து மூணு மணிக்கு மேல. இன்னா கணக்குன்னே புரியல."

எங்கம்மா துடைப்பத்தை நிறுத்தவே இல்லை. "இதுல புரியறதுக்கு இன்னா இருக்கு? அது ராகுகாலம்ப்பா."

அண்ணன் கிறிஸ்துவர். அவர் வீட்டுக் காலண்டரில் வசனம்தான் இருக்கும், ராகுகாலம் இருக்காது. எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. ராகுகாலம் பார்க்கிற முனியை நான் கேள்விப்பட்டதில்லை. முனி எதற்கு ராகுவுக்குப் பயப்பட வேண்டும்? ராகுகாலம் பார்த்து வேலை செய்வது மனுஷன் மட்டும்தான். அப்படியானால் மோட்டாரை யாரோ ஒரு மனுஷன் ஓட்டுகிறான்.

டப்பாவின் மேல் ஒரு சீல் ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தால் கேரண்டி போய்விடும், டீலர் பட்டமும் போய்விடும் என்று பெங்களூர்ப் பையன் மிரட்டியிருந்தான். அதனால் அதுவரை நான் திறக்கவே இல்லை. இப்போது ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அண்ணனோடு அணைக்கட்டு பஸ் ஏறினேன்.

5. சரோஜா பேசறேன்

சீலைக் கிழித்தேன். ரிலேவுக்குப் போகிற வயரைக் கழற்றினேன். மொபைல் செட்டைக் கையில் எடுத்து, இரண்டு பேரும் மோட்டார் மேடை மேல் உட்கார்ந்தோம். உட்கார்ந்த சூடு ஏறவில்லை, போன் அடித்தது. எடுத்தேன்.

ஒரு ஆம்பளைக் குரல். குடியாத்தத்திலிருந்து பேசுகிறாராம். பெண் பி.எஸ்சி., ரோகிணி நட்சத்திரம், நல்ல இடமாக வந்தால் சொல்லுங்கள் தரகரே என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன். "வேற யாருக்கோ வர்ற போன்," என்றார் அவர். பேசி முடிப்பதற்குள் அடுத்தது அடித்தது. ஜோலார்பேட்டை. மாப்பிள்ளை ரயில்வேயாம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பெருமையாக வாங்கின பேன்சி நம்பர், முன்னால் ஒரு கல்யாணத் தரகருடையது. மார்கழியில் யாரும் பெண் பார்க்க மாட்டார்கள், அதனால் மோட்டார் சாதுவாக இருந்தது. தை பிறந்ததும் மூன்று தாலுகாவும் சேர்ந்து கத்திரிக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறது. நல்ல நேரத்தில் ஜாஸ்தி, ராகுகாலத்தில் லீவு.

மூன்றாவது தடவை அடித்தது. எடுத்தேன்.

"தரகரய்யாவா? அப்பாடா, இன்னைக்காவது எடுத்தீங்களே. பள்ளிகொண்டா சரோஜா பேசறேன். என் பையன் விஷயமா."

அந்தக் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. கொட்டகை முழுக்கக் கேட்டது. நான் இந்தப் பக்கம் வந்ததும் எங்கம்மா கடை போனை எடுத்திருக்கிறாள்.

"பொங்கல்ல இருந்து தினம் பண்றேன், ஒரு ரிங்ல கட் பண்ணிட்றீங்க. படிப்பு கம்மின்னுதானே? கம்மிதான், நான் மறைக்கல. ஆனா கை வேலைக்காரன். மூஞ்சி சுமாரு, வெளிச்சத்துல பார்த்தா பரவால்ல. இப்பதான் கொஞ்சம் பேஜாரு. அணைக்கட்டுல எவனோ ஒரு பாவி மோட்டாரை எரிச்சி எரிச்சி உடறான், இவன் போய்க் கட்டிக் கட்டி வர்றான்."

ஐசக் அண்ணன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

"அம்மா, நான்தான்," என்றேன்.

"நீ எப்படா தரகர் வேலைக்குப் போன?"

விஷயத்தைச் சொன்னேன். மோட்டாரை எரித்த பாவிகளில் அவளும் ஒருத்தி என்பதைக் கேட்டதும் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "அப்ப தரகரு உன்னை வேணாம்னு சொல்லலியா? கட் பண்ணது மோட்டாருதானா?" மோட்டார்தான் என்றேன். "அதுக்குப் படிச்ச மாப்பிள்ளை வேணுமாமா?" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். எத்தனை நாளாக அந்தக் கவலையோடு கடையைப் பெருக்கினாளோ.

6. மோட்டார் நம்பர்

தரகரைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. காலை உடைத்துக்கொண்டு மகள் வீட்டில் மாசக்கணக்கில் படுத்திருந்திருக்கிறார். ரீசார்ஜ் பண்ணாததால் நம்பர் கைவிட்டுப் போய்விட்டது. தொழிலே படுத்துவிட்டது என்று புலம்பினார். அந்த சிம்மை அவரிடமே கொடுத்துவிட்டேன். பதிலுக்கு அவர் எனக்குப் பார்த்துக் கொடுத்தது அந்தக் குடியாத்தம் பெண்ணை இல்லை, அது பி.எஸ்சி. அவளுக்கு அடுத்த தெருப் பெண்ணை.

டை கட்டின பையனை வரவழைத்தேன். கேரண்டி போய்விட்டது சார் என்றான். கத்திரிச் செடியைக் காட்டி, உன் கேரண்டி இதில் எந்தப் பாத்தியில் இருக்கிறது, காட்டு என்றேன். மூன்றே நம்பருக்கு மட்டும் கட்டுப்படுகிற புது போர்டு ஒன்றை அனுப்பிவைத்தான். அண்ணன், அக்கா, மணி. வேறு யார் கூப்பிட்டாலும் அது அசையாது. சிம்முக்குப் பார்க்க அசிங்கமான ஒரு நம்பராகப் பார்த்து வாங்கினேன்.

கிழக்குப் பக்கத்துச் செடி பிழைத்தது. பாதி நிலம்தான். ஆனால் காய் பிடித்தது, முள்ளும் பிடித்தது. முதல் பறிப்பில் ஒரு கூடை என் கடைக்கு வந்தது. பாதிக் கத்திரியைக் கெடுவில் அக்கா எப்படிக் கணக்குப் பண்ணுவார்கள் என்று அண்ணனுக்கும் எனக்கும் கேட்கத் தைரியமில்லை.

நான் போர்டைச் சரிபார்க்கப் போயிருந்த அன்றைக்கே ப்ளாட்காரர் காரில் வந்து இறங்கினார். மேரி அக்கா வரப்பில் நின்று காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னம்மா முடிவு பண்ணீங்க, ஒரு நம்பர் கொடுங்க, பேசிக்கலாம் என்றார் அவர்.

அக்கா ஒரு காயை முள் குத்தாமல் கூடையில் வைத்துவிட்டு, நிதானமாக ஒரு நம்பர் சொன்னார்கள். அவர் குறித்துக்கொண்டு போனார்.

அது மோட்டாருடைய நம்பர்.

கொஞ்ச நேரத்தில் டப்பாவுக்குள் ரிங் அடித்தது. ஒரு ரிங், கட். மறுபடி ஒரு ரிங், கட். மோட்டார் அசையவில்லை. ஐசக் அண்ணன் மேடை மேல் சாய்ந்து உட்கார்ந்து, ப்ளாட்காரர் கூப்பிட்டுச் சலித்துப்போகும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். புது டப்பா மாட்டினால் முதல் நாள் ரிலே வயரைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் அம்மாவாக இருந்தால் மரியாதையாகப் பேசுங்கள்.